மார்ஷா லினஹான்: கண்ணை மூடச் சொல்லாத மைண்ட்ஃபுல்னெஸ்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த எபிசோடில் தற்கொலை எண்ணம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றியெல்லாம் பேச்சு வரும். இப்போ கேட்கிற மனநிலையில் இல்லைன்னா அப்புறமா கேளுங்க, இல்லைன்னா நம்பிக்கையான ஒருத்தரை பக்கத்துல வச்சுக்கிட்டு கேளுங்க. யாரிடமாவது உடனே பேசணும்னா 14416. டெலி மானஸ், இந்திய அரசின் இலவச எண். 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சரி. தியானம் பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு நிறைய மெசேஜ் வந்தது. அதில் ஒரே மாதிரியான ஒரு புகார் திரும்பத் திரும்ப இருந்தது. "ஆப் போட்டு, கண்ணை மூடி, மூச்சை கவனின்னு உட்கார்ந்தா எனக்கு இன்னும் மோசமாகுது. அமைதியா இருந்தாலே தலைக்குள்ள எல்லாம் சேர்ந்து கத்துது. அப்போ இது எனக்கானது இல்லையா?"

இந்தக் கேள்விக்கு நேரடியாக பதில் சொல்வதைவிட, இதே சிக்கலை 1980-களில் சந்தித்த ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பற்றிச் சொல்லலாம்னு தோணுச்சு. பெயர் மார்ஷா லினஹான். இன்று உலகம் முழுக்க டிபிடி என்று சொல்லப்படும் டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபியை உருவாக்கியவர். அவருடைய தெரபியின் நடுவில் இருப்பது மைண்ட்ஃபுல்னெஸ்தான். ஆனால் அது ஸ்பா விளம்பரத்தில் வருகிற மைண்ட்ஃபுல்னெஸ் இல்லை.

இடையில் ஒரு சின்ன முணுமுணுப்பு. இந்த வார்த்தையை தமிழில் சில இடங்களில் 'மனநிறைவு' என்று போடுகிறார்கள், சில இடங்களில் 'நினைவாற்றல்' என்று போடுகிறார்கள். மனநிறைவு என்றால் திருப்தி. நினைவாற்றல் என்றால் எக்ஸாமுக்குப் படிச்சது ஞாபகம் இருக்கிறது. இரண்டுமே இது இல்லை. இப்போ என்ன நடக்குதோ அதை, தீர்ப்பு சொல்லாமல், தெரிஞ்சே கவனிக்கிறதுதான் விஷயம். நல்ல தமிழ் வார்த்தை பழக்கத்துக்கு வரும்வரை நான் மைண்ட்ஃபுல்னெஸ் என்றே சொல்லப்போகிறேன்.

லினஹான் 1943-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டல்சா நகரத்தில் பிறந்தவர். வசதியான கத்தோலிக்கக் குடும்பம், ஆறு பிள்ளைகள். நன்றாகப் படித்தார், பியானோ வாசித்தார். 17 வயதில், 1961-ல், அவரை கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் இருக்கும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங் என்ற மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை அவரால் நிறுத்த முடியவில்லை. டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார்கள். பலமான மருந்துகள், மின் அதிர்ச்சி சிகிச்சை, தனி அறையில் அடைத்து வைப்பது என்று எல்லாம் நடந்தது. எதுவும் உதவவில்லை. 26 மாதங்கள் அங்கே இருந்தார். அந்த மருத்துவமனையிலேயே மிக மோசமான நிலையில் இருந்த நோயாளிகளில் ஒருவர் என்று அவருடைய டிஸ்சார்ஜ் குறிப்பில் எழுதியிருந்தது. 1963-ல் வெளியே வரும்போது வயது 20.

அங்கே இருந்தபோது ஒரு சபதம் எடுத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நான் இந்த நரகத்திலிருந்து வெளியே போவேன், போனதும் திரும்பி வந்து மற்றவர்களையும் வெளியே கொண்டுபோவேன் என்று. சினிமா வசனம் மாதிரி இருக்கு, தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது சினிமா மாதிரி இல்லை. மெதுவான, அலுப்பான வேலை. சிகாகோவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளார்க். ராத்திரியில் லொயோலா பல்கலைக்கழகத்தில் வகுப்பு. 1967-ல் ஒரு சிற்றாலயத்தில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு ஆழமான ஆன்மிக அனுபவம் ஏற்பட்டது. தன்னைத் தானே நேசிக்க முடியும் என்று முதல்முறையாகத் தோன்றியது என்கிறார். அதனால் கஷ்டங்கள் உடனே தீர்ந்துவிடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வந்த இருட்டுகளை அவரால் தாண்ட முடிந்தது. 1971-ல் பிஎச்டி. 1977-ல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேலை.

அங்கே அவர் செய்த முதல் வேலையைப் பாருங்க. மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு, உங்களிடம் இருப்பதிலேயே கஷ்டமான, திரும்பத் திரும்ப தற்கொலைக்கு முயற்சி செய்கிற ஆட்களை எனக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். மற்ற தெரபிஸ்ட்டுகள் தயங்குகிற கேஸ்கள். அப்படி வந்தவர்களில் பலருக்கு இருந்தது பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் எனப்படும் பிரச்சினை. பெயரை மறந்துடுங்க, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். சிலர் பிறப்பிலேயே உணர்ச்சிகள் விஷயத்தில் ரொம்ப மெல்லிய தோல் உள்ளவர்கள். சீக்கிரம் கலங்குவார்கள், அதிகமாகக் கலங்குவார்கள், பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் ஆகும். இது பாதி. மீதிப் பாதி, அவர்கள் வளர்கிற சூழல். "இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" "உனக்கென்ன குறை, மூணு வேளை சாப்பாடு கிடைக்குதுல்ல?" "சும்மா நடிக்காதே." வீட்டில் யாரும் கெட்டவர்களாக இருக்கணும்னு இல்லை. ஆனால் உனக்கு உள்ளே நடப்பது நிஜமில்லை என்று ஒரு பிள்ளைக்கு தினம் சொன்னால், அது தன் உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவே கற்றுக்கொள்ளாது. பெரிதாகக் கத்தினால்தான் காது கேட்கும் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். லினஹான் இந்த நிலையை உடம்பு முழுக்க தீக்காயம் பட்ட ஒருவரோடு ஒப்பிட்டார். மற்றவர்களுக்குத் தென்றல் மாதிரி இருப்பது அவர்களுக்கு வலி.

லினஹான் பயிற்சி எடுத்தது பிஹேவியர் தெரபியில். அதாவது பிரச்சினை என்ன, எந்தப் பழக்கத்தை மாற்றணும், எப்படி மாற்றணும் என்று போகிற முறை. இந்த ஆட்களிடம் அதைச் செய்தபோது கொதித்துப்போனார்கள். "அப்போ எல்லாத்துக்கும் நான்தான் காரணமா? நான்தான் மாறணுமா?" சரி என்று அதை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போனார். உங்கள் வலி புரிகிறது, உங்களை இப்படியே ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அதற்கும் கொதித்தார்கள். "இந்த நரகத்திலேயே கிடன்னு விட்டுடப் போறீங்களா?"

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். இரண்டு கோபமும் நியாயமானவை. மாறு என்று மட்டும் சொன்னால் பழி போடுவது மாதிரி ஆகிறது. ஏற்றுக்கொள் என்று மட்டும் சொன்னால் கைவிடுவது மாதிரி ஆகிறது. ஒரு ஃப்ரெண்ட் அழுதுகொண்டு போன் பண்ணும்போது நாமளும் இதே இரண்டு குழியில் மாறி மாறி விழறோம் இல்லையா? ஒன்று, உடனே "இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணு" என்று ஐடியா கொடுப்போம். இல்லைன்னா "ஆமா, பாவம் நீ" என்று விட்டுவிடுவோம்.

மாற்றம் பற்றி சைக்காலஜியில் ஏகப்பட்ட ஆராய்ச்சி இருந்தது. ஏற்றுக்கொள்வதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு அப்போது பெரிதாக எதுவும் இல்லை. அதை வேறெங்காவதுதான் தேடணும். 1983-ல் வடக்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் ஷாஸ்டா மடத்துக்குப் போய் மூன்று மாதம் தங்கினார். ஜப்பானிய ஸென் பௌத்த மரபில் வந்த மடம் அது. நிறுவியவர் ஜியூ கென்னட் என்ற பிரிட்டிஷ் பெண் துறவி. பிறகு ஜெர்மனிக்குப் போய் வில்லிகிஸ் யேகரிடம் கற்றார். யேகர் ஒரே நேரத்தில் கத்தோலிக்கத் துறவி, ஸென் ஆசிரியர். லினஹானுக்கு இது வசதியாகப் போயிருக்கும். அவர் தன் கிறிஸ்தவ நம்பிக்கையை விடவே இல்லை.

திரும்பி வந்து, கற்றதை அப்படியே நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தார். எடுபடவில்லை. நமக்கு மெசேஜ் அனுப்பியவர்கள் சொன்ன அதே பிரச்சினை. உள்ளே தீ எரிகிற ஒருவரை அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரச் சொல்வது, தீக்குள்ளேயே உட்காரச் சொல்வது மாதிரி. பலர் தியானம் என்றாலே முடியாது என்றார்கள். அங்கேதான் அவர் ஒரு நல்ல டீச்சர் என்பது தெரிகிறது. ஸென் மடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து மெதுவாகப் பிடிபடுகிற ஒரு விஷயத்தை, உட்காராமலே பழகக்கூடிய சின்னச் சின்னத் திறன்களாக உடைத்தார். மதம் சார்ந்த சொற்களை எடுத்துவிட்டார்.

மூன்று செயல்: கவனி, விவரி, கலந்துகொள். அவற்றைச் செய்ய மூன்று விதம்: தீர்ப்பு சொல்லாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், பலன் தருகிற வழியில்.

விவரிப்பது எப்படின்னு ஒரு உதாரணம். ராத்திரி பதினோரு மணி. நீங்கள் அனுப்பிய மெசேஜுக்கு இரண்டு ப்ளூ டிக் வந்து ஒரு மணி நேரமாச்சு, பதில் இல்லை. மனசு என்ன சொல்லும்? "அவனுக்கு என்னைப் பிடிக்கலை. எல்லாரும் இப்படித்தான் என்னை விட்டுட்டுப் போவாங்க." இது நடந்த விஷயம் மாதிரியே இருக்கும். இப்போ விவரிக்கிறது மட்டும் செய்யுங்க. மெசேஜ் படிக்கப்பட்டிருக்கு. பதில் வரலை. என் நெஞ்சு படபடக்குது. கை சில்லுன்னு இருக்கு. அவனுக்கு என்னைப் பிடிக்கலைங்கிற எண்ணம் எனக்கு வருது. கடைசி வாக்கியத்தைக் கவனிங்க. "பிடிக்கலை" என்பதற்கும் "பிடிக்கலைங்கிற எண்ணம் வருது" என்பதற்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி வந்துவிட்டது. வலி போகலை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்க அந்த விரற்கடை இடம் போதும். இதற்கு கண்ணை மூட வேண்டாம், மூச்சைப் பார்க்க வேண்டாம், பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யலாம்.

'பலன் தருகிற வழியில்' என்பதை நம்ம ஊர் இளைஞர்களுக்கு விளக்க ஆட்டோவைவிட நல்ல உதாரணம் இல்லை. இன்டர்வியூவுக்கு அவசரமாகப் போகிறீர்கள். பேசினதைவிட டிரைவர் முப்பது ரூபாய் அதிகம் கேட்கிறார். நியாயம் உங்கள் பக்கம். நடுரோட்டில் இருபது நிமிஷம் சண்டை போட்டு ஜெயிக்கலாம், இன்டர்வியூ போயிடும். நான் சொல்றது சரி என்று நிரூபிப்பதா, எனக்கு வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதா? எப்போதும் முப்பது ரூபாயை விட்டுக்கொடு என்று அர்த்தமில்லை. இன்றைக்கு எனக்கு எது வேண்டும் என்று தெரிந்து செய்வது.

கலந்துகொள்வது என்பது நாம் அதிகம் பேசாத பகுதி. கச்சேரியில் பாடுகிறவர், கல்லி கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கிற பையன், இவர்கள் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. செய்வதற்குள்ளே இருக்கிறார்கள். அதுவும் மைண்ட்ஃபுல்னெஸ்தான். உட்கார முடியாதவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கதவு திறக்கும். பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரம் மட்டும். அதுக்கு நடுவில் ரீல்ஸ் வேண்டாம்.

இதோடு சேர்ந்து வருவது தீவிரமாக ஏற்றுக்கொள்ளுதல் என்ற கருத்து. இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள ரொம்ப வாய்ப்பு இருக்கு, அதனால் கொஞ்சம் நிற்கிறேன். ஏற்றுக்கொள்வது என்றால் நடந்தது சரி என்று சொல்வது இல்லை. மன்னிப்பது இல்லை. 'எல்லாம் விதி' என்பதும் இல்லை. வேலை போயிடுச்சு. அது போயிருக்கக்கூடாது, மேனேஜர் செய்தது அநியாயம், எல்லாம் உண்மை. ஆனால் போயிடுச்சு என்பதும் உண்மை. அதை ஒத்துக்கொள்ளாத வரை, மாசக் கடைசியில் வாடகைக்கு என்ன வழி என்று யோசிக்கவே ஆரம்பிக்க முடியாது. மாற்றத்துக்கு முதல் படியே இதுதான் என்பதுதான் லினஹான் ஸென்னிடமிருந்து கற்றது. ஒரு முறை ஏற்றுக்கொண்டால் முடிந்துவிடுவதும் இல்லை. காலையில் ஏற்றுக்கொண்டதை மதியம் மறுபடியும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

'டயலெக்டிக்கல்' என்ற பெயரே இங்கிருந்துதான் வந்தது. எதிரெதிரான இரண்டு உண்மைகளை ஒன்றாகப் பிடிப்பது. தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கு: இயங்கியல். இடதுசாரிக் கூட்டங்களுக்குப் போயிருக்கிற அப்பா, மாமா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. லினஹானிடம் உதவியாளராக இருந்தவரின் கணவர் அந்தத் தத்துவத்தைப் படித்தவர். நீங்கள் செய்வது இதுதான் என்று அந்த உதவியாளர்தான் எடுத்துக்கொடுத்தார். 'ஆனால்' என்பதற்குப் பதில் 'அதோடு' போட்டால் உங்களுக்கே புரியும். "நீங்கள் உங்களால் முடிந்த அளவுக்கு முயற்சி செய்கிறீர்கள். அதோடு, இன்னும் வேறு மாதிரியும் முயற்சி செய்ய வேண்டியிருக்கு."

சிகிச்சை நடைமுறையில் எப்படி இருக்கும்? வாரம் ஒரு தனி செஷன். அது போக வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம், நிஜமான கிளாஸ் மாதிரி ஹோம்வொர்க்கோடு. மைண்ட்ஃபுல்னெஸ், நெருக்கடியைத் தாங்குவது, உணர்ச்சிகளைக் கையாள்வது, மற்றவர்களிடம் கேட்கவும் மறுக்கவும் தெரிவது என்று நான்கு பாடங்கள். உடம்பும் இதில் உண்டு. தூக்கம், சாப்பாடு, உடற்பயிற்சி, போதைப் பொருளைத் தவிர்ப்பது, இருக்கிற நோய்க்கு மருந்து எடுப்பது, எல்லாம் உணர்ச்சிப் பாடத்தின் பகுதிதான். 'ஹோலிஸ்டிக்' என்று போர்டு போடாமலே செய்யப்படுகிற வேலை.

நெருக்கடியைத் தாங்குவது என்ற பாடத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். முகத்தில் நல்ல குளிர்ந்த தண்ணீர் படும்படி வைத்து மூச்சைச் சில நொடிகள் பிடித்தால் இதயத் துடிப்பு குறையும். தண்ணீருக்குள் மூழ்கும்போது பாலூட்டிகளின் உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. இதயப் பிரச்சினை இருப்பவர்களும் சாப்பாட்டுக் கோளாறு இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது. இது எதையும் தீர்க்காது. அடுத்த பத்து நிமிஷத்தை நிலைமையை இன்னும் மோசமாக்காமல் கடக்க உதவும், அவ்வளவுதான்.

செஷனுக்கு நடுவில் தெரபிஸ்ட்டுக்குப் போன் பண்ணலாம். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கு முன்னாடி பண்ணணும். செய்துவிட்டால், உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதியான பிறகு, 24 மணி நேரத்துக்கு வழக்கமான பேச்சு கிடையாது. கடுமையாகத் தெரியுதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. கத்தினால்தான் காது கேட்கும் என்று கற்றுக்கொண்ட ஒருவருக்கு, மெதுவாகக் கூப்பிட்டாலும் கேட்கும் என்று காட்டுவதற்கான விதி அது. அடுத்த செஷனில் இருவரும் உட்கார்ந்து நடந்ததை ஒரு சங்கிலி மாதிரி ஒவ்வொரு கண்ணியாகப் பார்ப்பார்கள். முந்தின ராத்திரி தூங்கலை. காலையில் சாப்பிடலை. ஆபீஸில் ஒரு வார்த்தை. லிஃப்டில் வந்த ஒரு எண்ணம். எந்தக் கண்ணியில் கை வைத்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும்? திட்டு கிடையாது, சமாதானமும் கிடையாது. தெரபிஸ்ட்டுகளும் தனியாக விடப்படுவதில்லை. அவர்களுக்கு வாரம் ஒரு குழுக் கூட்டம் உண்டு.

இது வேலை செய்யுதா? 1991-ல் லினஹான் முதல் ஆய்வை வெளியிட்டார். ஒரு வருட சிகிச்சையில், வெளியில் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட டிபிடி எடுத்த பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்தன, பாதியில் விட்டுப்போனவர்களும் குறைவு. ஆனால் மனச்சோர்வு, நம்பிக்கையின்மை இந்த அளவுகோல்களில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைக்காமல் அந்த ஆய்விலேயே எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம் வருவதற்கு முன்னாடியே ஆள் உயிரோடு இருக்கக் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 2006-ல் 101 பெண்களை வைத்து, இந்தத் துறையில் அனுபவம் வாய்ந்தவர்கள் தந்த சிகிச்சையோடு ஒப்பிட்டபோது, தற்கொலை முயற்சி டிபிடி குழுவில் பாதி அளவே இருந்தது.

இத்தனை வருடமும் தன் கதையை லினஹான் வெளியில் சொல்லவில்லை. நெருங்கியவர்களுக்கு மட்டும் தெரியும். தழும்புகளைப் பார்த்த ஒரு நோயாளி, நீங்களும் எங்களில் ஒருத்தரா, அப்படியிருந்தால் எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கையாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். 2011-ல், 68 வயதில், அதே ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைக்குப் போய், குடும்பத்தினர், நண்பர்கள், டாக்டர்கள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னார். கோழையாகச் சாக விரும்பவில்லை என்பது அவர் தந்த காரணம். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அவர் காத்திருந்தது சரி என்றே படுகிறது. முதலில் சொல்லியிருந்தால் சிகிச்சையை விட்டுவிட்டு அவரைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். அவர் சொன்னபோது, சிகிச்சை தன் சொந்தக் காலில் நின்று இருபது வருடம் ஆகியிருந்தது.

இது நமக்கும் உதவுகிற விஷயம். ஒரு தெரபிஸ்ட்டின் சோகக் கதை இன்ஸ்டாகிராமில் நன்றாக இருப்பது அவர் பயிற்சி பெற்றவர் என்பதற்கு ஆதாரம் இல்லை. 'ஹோலிஸ்டிக்', 'மைண்ட்ஃபுல்னெஸ் கோச்' இதெல்லாம் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய பெயர்கள். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துடுங்க. டிபிடி செய்கிறேன் என்பவரிடம், ஸ்கில்ஸ் வகுப்பு தனியாக இருக்கா, செஷனுக்கு நடுவில் நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடணும், உங்களுக்குக் குழு இருக்கா என்று மூன்று கேள்வி கேளுங்க. முழு அமைப்பு கிடைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. 2015-ல் வந்த லினஹானின் ஆய்வில், ஸ்கில்ஸ் பயிற்சி சேர்ந்திருந்த சிகிச்சைகளில்தான் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது அதிகம் குறைந்தது. ஆக, வகுப்பு இருக்கிற இடத்தை முதலில் பாருங்க.

கண்ணை மூடினால் மோசமாகுது என்று எழுதியவர்கள், அதையும் அந்த முதல் செஷனிலேயே சொல்லிடுங்க. ஒரு நல்ல தெரபிஸ்ட் "அப்போ கண்ணைத் திறந்தே ஆரம்பிப்போம்" என்பார்.